மலைக்கு மூஸா, டியூப்பா? டுரியான் பாதையில் ஓடும் மோட்டாருக்கு எது பொருந்தும்

பாலிக் புலாவ் – டுரியான் பருவம் வந்துவிட்டால் பினாங்குத் தீவின் தென்மேற்குச் சரிவுகளில் பொழுது மோட்டார் சத்தத்தோடுதான் விடிகிறது. இரவில் விழுந்த பழத்தை அணிலும் எலியும் தொடுவதற்குள் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைக் கூடையில் அடுக்கிக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சாலையோரக் கடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அன்றைக்கு விழுந்த பழத்தை அன்றைக்கே தின்பதுதான் பினாங்குக்காரர்களின் பெருமை. ஆங் ஹே ஆனாலும் சரி, பெயரில்லாத கம்பத்துப் பழம் ஆனாலும் சரி, ஒரு நாள் பிந்தினால் மதிப்பு இறங்கிவிடும்.

லாரி ஏற முடியாத அந்த ஒடுங்கிய சிமெண்டுப் பாதைகளிலும், சிமெண்டு முடிந்த பிறகு வரும் மண் தடங்களிலும் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கப்சாய் மோட்டார்தான். பின்னால் இரண்டு பக்கமும் கூடை, அதில் முள்ளும் பாரமுமாகப் பழம். இறங்கும் வழியில் டயர் காற்று போனால் அது வெறும் தொந்தரவு அல்ல. பின்சக்கரம் என்றால் அந்த நடையின் வியாபாரம் போயிற்று. முன்சக்கரம் என்றால் கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம்.

அதனால்தான் ஸ்க்ரம்ப்ளர் ஓட்டும் இளையோர் வீடியோக்களில் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி இப்போது பழம் இறக்குகிறவர்களின் வாயிலும் வருகிறது. காற்றே இல்லாத டயர் இருக்கிறதாமே, உள்ளே நுரை வைத்துவிட்டால் பஞ்சரே ஆகாதாமே, அதைப் போட்டுவிட்டால் என்ன?

கேள்வி நியாயமானது. பதில் மட்டும் பலர் நினைப்பது போல் இல்லை. பஞ்சர் பயத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மோட்டார் எவ்வளவு பாரம் தூக்குகிறது, அது தார்ச்சாலையில் ஓடுமா ஓடாதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செத்த டியூப் சொல்லும் சேதி

டியூப்பைக் குறை சொல்வதற்கு முன் அது ஏன் செத்தது என்று பார்ப்பது நல்லது. பட்டறையில் கழற்றிப் போட்ட டியூப்பைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

டயர் தரையைத் தொடும் பக்கத்தில் ஒற்றை ஓட்டை இருந்தால் ஆணி, கம்பி, அல்லது முள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு மட்டை முள்ளைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிம் பக்கம், அதாவது டியூப்பின் உள்வட்டத்தில் ஓட்டை இருந்தால், சாலையின் மேல் குற்றமில்லை. ரிம்முக்குள் ஸ்போக் கம்பிகளின் தலையை மூடியிருக்கும் ரப்பர் பட்டை மக்கிப்போயிருக்கும், அல்லது மழையில் துருப்பிடித்த கம்பி முனை துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பட்டை மிக மலிவான பொருள். அதை மாற்றாமல் புது டியூப்பாகப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் கதை வேறு. காற்று குறைவாக இருக்கும்போது ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கிற இழுப்பில் ரிம் சுற்றும். டயரும் டியூப்பும் அதோடு சேர்ந்து சுற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருப்பதால் ஒருநாள் வேரோடு பிய்ந்துவிடும். இப்படிக் கிழிந்தால் ஒட்டுப் போடவும் முடியாது. இதைத் தடுக்கத்தான் ஸ்க்ரம்ப்ளர்களில் ரிம் லாக் என்ற பிடிப்பான் வைக்கிறார்கள். கப்சாயில் அது இருக்காது. ஆனால் ஓர் எளிய வழி இருக்கிறது: வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மேலே மூடியோடு ஒட்டி நிற்கும்படி விட்டுவிட வேண்டும். வால்வு நேராக நின்றால் டயர் நகரவில்லை. சாய ஆரம்பித்தால், கிழியப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நான்காவது வகைதான் மலைப்பாதையில் அதிகம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள், பாம்பு கடித்த தடம் போல. ஆங்கிலத்திலும் இதற்குப் பாம்புக் கடி என்றுதான் பெயர். சக்கரம் கல்லில் வேகமாக மோதும்போது டயர் முழுதாக அமுங்கி, ரிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்குகிறது. பினாங்குத் தீவின் பாறை கருங்கல். மழையில் மண் கரைந்தோடிய தடங்களில் அது கூர்மையாக வெளியே நிற்கும்.

கல் மட்டும் காரணமல்ல, காற்றுக் குறைவும் சேர்ந்தால்தான் பாம்பு கடிக்கிறது. பாசி பிடித்த சிமெண்டில் சக்கரம் வழுக்குகிறதென்று காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது மலையில் ஓட்டுகிறவர்களின் வழக்கம். டயர் தட்டையானால் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே தட்டை டயரோடு பாரத்தை ஏற்றிக்கொண்டு கல்லில் இறங்கினால் நடுவில் மாட்டிக்கொள்வது டியூப். பிறகு அந்த டியூப் மட்டம் என்று பழி வருகிறது.

தடித்த டியூப் என்ன செய்யும்

சாதாரண டியூப்பின் தடிமன் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கரடுமுரடான தடங்களுக்கென்றே 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் டியூப்கள் வருகின்றன. எடை கூடும், சக்கரம் சற்று மந்தமாகத் திரும்பும். அதற்குப் பதிலாகப் பாம்புக் கடி எளிதில் விழாது. சின்ன முள்ளும் உள்ளே எட்டாது.

தடிமனைப் போலவே ரப்பரின் வகையும் முக்கியம். ரப்பர் மரத்தோடு வாழ்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற 1888ஆம் ஆண்டில்தான், ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வளர்த்த ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பொறுப்பேற்றார். பிறகு தோட்டங்களில் வெட்டிய பால்தான் நெடுங்காலம் உலகத்தின் டயராகவும் டியூப்பாகவும் ஓடியது. 1937இல் அமெரிக்காவில் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். காற்றைக் கசியவிடாமல் வைத்துக்கொள்வதில் அது இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு மேல். இன்று சாலையில் ஓடும் டியூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல்தான். ஆனால் இழுவைக்கும் கிழிசலுக்கும் ஈடுகொடுப்பதில் மரத்துப் பாலுக்குத்தான் இன்னும் பெயர். கரடு தடத்துக்கான டியூப் வாங்கும்போது எந்த ரப்பர் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். இயற்கை ரப்பர் என்றால் காற்றை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

டியூப்புக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் ஆணி ஓட்டைக்குப் பயன்படும். பாம்புக் கடிக்கும் வால்வுக் கிழிசலுக்கும் பயன்படாது. அதை ஊற்றிய டியூப்பில் பிறகு ஒட்டுப் போடுவது பட்டறைக்காரருக்கு எரிச்சலான வேலை என்பதையும் சொல்ல வேண்டும்.

நுரை ரப்பரின் கணக்கு

மூஸ் என்பது பிரெஞ்சில் நுரை. மிஷெலின் நிறுவனம் பாலைவன ஓட்டப் பந்தயங்களை மனத்தில் வைத்து 1980களில் கொண்டுவந்த பொருள் இது. டியூப் இருக்க வேண்டிய இடத்தில், அதே வடிவத்தில் ஒரு முழு நுரை ரப்பர் வளையம். உள்ளே எண்ணற்ற சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் அடைபட்ட வாயு. ஆணி ஏறினால் சில அறைகள்தான் போகும், சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் முள்ளுக்குப் பயந்து கைவண்டிக்குக் காற்றில்லாத திட ரப்பர்ச் சக்கரம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. மூஸ் அதைவிட மென்மையானது, மோட்டாரின் வேகத்துக்கு ஏற்பச் செய்தது.

டக்கார் ராலியில் முன்னணி வீரர்கள் ஓட்டுவது மூஸில்தான். மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் பெயரைத் தாங்கிய ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக 2024இல் சவூதி அரேபியாவில் ஓட்டிய கேரளத்து வீரர் ஹரித் நோவா, ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். ஒட்டுமொத்தத்தில் 11ஆவது இடம். கல்லும் மணலும் நிறைந்த அப்படிப்பட்ட பந்தயத்தில் நடுவழியில் உட்கார்ந்து டியூப் மாற்றுகிறவர் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான். அங்கே மூஸ் ஆடம்பரமல்ல.

ஆனால் அவர்களுக்குப் பின்னால் மெக்கானிக் இருக்கிறார், புது மூஸ் இருக்கிறது. மூஸ் தேயும் பொருள். டயருக்கும் மூஸுக்கும் நடுவே தனியான வழுக்குப் பசை பூச வேண்டும். பசை காய்ந்தால் உராய்வில் சூடேறி நுரை பொடிப்பொடியாக உதிரும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைத்து மறுபடி பூச வேண்டும். ஓடாமல் வைத்திருந்தாலும் நாளாக ஆக அறைகளிலிருந்து வாயு கசிந்து வளையம் சுருங்கும். டயருக்குள் ஏற்றுவதும் லேசான வேலையல்ல. பழக்கமில்லாத கைகளில் லிவர் வழுக்கி ரிம் கீறும், விரல் நசுங்கும். விலையோ, ஒரு ஜோடி மூஸுக்குப் பல ஜோடி தடித்த டியூப் வாங்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை சூடு. நிற்காமல் நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது நுரை உள்ளுக்குள் வெந்துபோகும். அதனால் மூஸ் தயாரிப்பாளர்கள் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு இது அல்ல என்று சொல்லியே விற்கிறார்கள். பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலை ஏறி ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்குகிறவருக்கும், தித்தி கெராவாங் வளைவுகளைத் தாண்டித் தெலுக் பஹாங் போகிறவருக்கும் அந்த ஒரு வரியே போதும். பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோய்த் தடத்தில் இறக்கி, ஓட்டி முடித்துத் திரும்ப ஏற்றுகிற ஸ்க்ரம்ப்ளருக்கு மட்டும்தான் இந்தத் தடை இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. புது மூஸ் ஒன்று ஏறத்தாழ 0.9 பார், அதாவது 13 பி.எஸ்.ஐ. காற்றுக்குச் சமமான விறைப்பைத் தரும். ஓட்டுநர் மட்டும் ஏறும் ஸ்க்ரம்ப்ளருக்கு, அதன் அகன்ற டயருக்கு, அது சரியான அளவு. அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

கப்சாய் ஒன்று சுமார் 100 கிலோ, ஓட்டுகிறவர் 65 கிலோ, இரண்டு கூடைப் பழம் 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், கூடை பின்னால் இருப்பதால் பின்சக்கரத்தின் மேல் மட்டும் 150 கிலோ அளவுக்கு விழலாம். 13 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே 150 கிலோவைத் தாங்க டயர் சுமார் 165 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் படிய வேண்டும். கப்சாயின் டயர் அகலம் 6 சென்டிமீட்டர்தான். அப்படியானால் 27 சென்டிமீட்டர் நீளத்துக்கு அது தட்டையாக வேண்டும். அவ்வளவு படிய, டயர் தன் உயரத்தில் பாதிக்கு மேல் அமுங்கிவிடும். நின்ற இடத்திலேயே இப்படி. கல்லில் ஏறி இறங்கினால் ரிம் நேராக அடி வாங்கும். அதே டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் 11 சென்டிமீட்டர் படிந்தால் போதும், அமுக்கம் அரை சென்டிமீட்டர் அளவில் நிற்கும். டயரின் சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் வித்தியாசத்தின் அளவு புரிந்துவிடும்.

பந்தயக்காரருக்கு வரமாக இருக்கும் அந்த மென்மை பழம் தூக்குகிறவருக்குச் சாபம். மூஸில் பஞ்சர் ஆகாதுதான். பதிலாக ரிம் வளையும், நுரை நசுங்கிச் சூடேறும், வளைவில் பின்பக்கம் துவளும். இத்தனைக்கும் மூஸ்கள் பெரும்பாலும் ஸ்க்ரம்ப்ளரின் 21 அங்குல முன்சக்கரத்துக்கும் 18, 19 அங்குலப் பின்சக்கரத்துக்கும்தான் வருகின்றன. கப்சாயின் ஒல்லியான 17 அங்குல டயருக்குப் பொருந்துவதைத் தேடுவதே பாடு.

பெயரால் வரும் குழப்பம்

நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் நியூடெக் என்ற நிறுவனம் செய்யும் டியூப்லிஸ். காதில் விழும்போது டியூப்லெஸ் போலவே இருக்கும், ஆனால் வேறு சங்கதி. ரிம்மை ஒட்டி ஒரு சிறு வளையம். அதில் 100 முதல் 110 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து டயரின் இரு விளிம்புகளையும் ரிம்மோடு இறுக்கிவிடுவார்கள். மீதி இடத்தில் டியூப் இல்லாமல் தேவையான காற்றை மட்டும் அடைக்கலாம், வெகுவாகக் குறைக்கவும் செய்யலாம். நசுங்க டியூப்பே இல்லாததால் பாம்புக் கடி இல்லை. ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூப்லெஸ் டயருக்குப் போடுவது போலத் திரி செருகி அடைத்துவிடலாம். எடையும் குறைவு.

சிக்கல் உள் வளையத்தில். அதன் காற்றை ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பார்க்க வேண்டும். அது போனால் பிடிப்பு மொத்தமும் போயிற்று. ரிம்மில் கூடுதல் துளை போட வேண்டியிருக்கும். இதுவும் பொதுச் சாலைக்கு அங்கீகாரம் பெற்றதல்ல. 18, 19, 21 அங்குல ரிம்களுக்கு மட்டுமே வருகிறது. காற்றுமானியைப் பையிலேயே வைத்திருக்கும் பொறுமைசாலி ஸ்க்ரம்ப்ளர்க்காரருக்கு இது நல்ல பொருள். காலால் டயரை ஒரு மிதி மிதித்துப் பார்த்து, சரி என்று கிளம்புகிறவருக்கு அல்ல.

ஸ்போக் கம்பியை எடுத்துவிட்டு ஸ்போர்ட் ரிம்மும் டியூப்லெஸ் டயரும் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பட்டணத்துக்கு அது சௌகரியம். கல்லில் அடிபட்டு விளிம்பு நெளிந்தால் காற்று அந்த வழியாகக் கசிய ஆரம்பிக்கும். வார்ப்பு ரிம் வெடித்தால் சரிசெய்ய வழியில்லை. கம்பி ரிம் வளைந்தால் பட்டறையில் உட்கார்ந்து கம்பிகளை இறுக்கித் தளர்த்தி நிமிர்த்திவிடலாம்.

அப்படியானால் எது?

சாலை வரியோ பதிவு எண்ணோ இல்லாத ஸ்க்ரம்ப்ளர், தடத்தில் மட்டும் ஓடுவது, பாரமில்லாதது, பந்தயத்துக்கோ கற்பாதைக்கோ போவது என்றால் மூஸ் செலவுக்குத் தகுந்த பொருள். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஓட்டுகிறவருக்கு அதுவும் வீண்; ஓடின தூரத்தைவிட வீட்டில் கிடந்தே சுருங்கிப்போகும்.

சாலையிலும் ஓடி மலையும் ஏறும் பதிவுபெற்ற ஸ்க்ரம்ப்ளருக்குத் தடித்த டியூப்பும் ரிம் லாக்கும். தடத்தில் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வேண்டும். இதற்கு ஒரு கைப்பம்பு உடன் இருக்க வேண்டும். அதைச் சுமக்கச் சோம்பல்படுகிறவர் காற்றை இறக்காமல் இருப்பதே மேல்.

பழம் இறக்கும் கப்சாய்க்குக் கேள்வியே இல்லை, டியூப்தான். தடித்தது கிடைத்தால் தடித்தது, பின்சக்கரத்துக்கு முதலில். மோட்டாரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் காற்று அளவில், இரண்டு பேர் ஏறினால் என்று போட்டிருக்கும் எண்ணைப் பின்சக்கரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கூடை நிறைந்த மோட்டார் இரண்டு பேர் ஏறிய மோட்டார்தான். எவ்வளவு பாரம் வரை என்றும் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். அதைத் தாண்டிக் கூடையை நிரப்பினால் எந்த டியூப்பும் பதில் சொல்லாது. வழுக்கலுக்குக் காற்றை இறக்குவது மருந்தல்ல. கட்டை தேய்ந்த டயரை மாற்றுவதும், நல்ல பள்ளமுள்ள டயர் போடுவதும், கூடையைக் குறைத்து இரண்டு நடையாக இறங்குவதும்தான் மருந்து. பருவம் தொடங்கும் முன் ஒரு தடவை இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஸ்போக் பட்டையைப் பார்த்து, டயருக்குள் விரலை ஓட்டி முள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று தடவி, டியூப்பின் மேல் கொஞ்சம் பவுடர் தூவி மாட்டினால் உராய்வும் குறையும். விரலை ஓட்டும்போது பழைய துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது. போன பருவத்து முள் இன்னும் அங்கேயே இருக்கலாம்.

கப்சாயில் ஒரு வசதியும் இருக்கிறது. ஸ்க்ரம்ப்ளருக்கு முன்சக்கரம் ஓர் அளவு, பின்சக்கரம் ஓர் அளவு. கப்சாயில் இரண்டும் 17 அங்குலம். முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவாக, 2.25 அல்லது 2.50 என்று இரண்டு அளவும் சேர்த்து அச்சிட்ட டியூப் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். அதில் ஒன்று, இரண்டு லிவர், ஒரு ஸ்பானர், ஒரு கைப்பம்பு. கூர்மையான எதிலும் உரசாமல் பழைய காலுறைக்குள் சுருட்டி வைத்தால் இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும்.